தாழ்த்தப்படும் பின் ஸ்பிரிங்குகளும் இரத்தோட்டை மலைப்பாதையும்

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைக்குச் சென்று, அங்கிருந்து ரிவஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புர, பல்லேகம வரை இறங்கும் பாதை, இலங்கையின் அழகிய மலைப்பாதைகளுள் ஒன்றாகும். மிளகும் கராம்பும் ஏலமும் தேயிலையும் இருபுறமும் செழித்து நிற்க, ஏறுவதும் வளைவதுமாகச் செல்லும் அப்பாதை, 2010 ஆம் ஆண்டு உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியான நக்கிள்ஸ் மலைத்தொடரை ஊடறுக்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அன்றாடம் பயன்படுத்தும் பாதை அது. தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்பவரும், வாசனைத் திரவிய மூட்டையுடன் மாத்தளைக் கடைக்குச் செல்பவரும், விடுமுறையில் ரிவஸ்டன் பார்க்க வருபவரும் அதிலேயே பயணிக்கின்றனர்.

அண்மைக் காலமாக இப்பாதையில் ஒருவகைக் கார்களைக் காணமுடிகின்றது. அவற்றின் பின்பகுதி தரையை நோக்கித் தாழ்ந்து, பின் சில்லுகளின் மேற்பகுதி உடலின் வளைவுக்குள் ஒளிந்திருக்கும். பழுதடைந்து இவ்வாறு அமிழ்ந்த கார்களும் உண்டு. ஆனால் இங்கு குறிப்பிடப்படுவது, பணம் செலவழித்து வேண்டுமென்றே இவ்வாறு தாழ்த்தப்பட்டவற்றையேயாகும். காரின் மூல ஸ்பிரிங்கை அகற்றிவிட்டு, அதனிலும் குட்டையானதும் விறைப்பானதுமான ஸ்பிரிங்கைப் பொருத்துவதனாலேயே இது செய்யப்படுகின்றது. இளைஞர் மத்தியில் இது நாகரிகமாகியுள்ளது. நாகரிகத்தைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு செய்யும்போது காரில் உண்மையாக நிகழ்வது என்ன என்பதை, வாகனத் தொழிலில் ஈடுபடாத வாசகரும் அறிந்துகொள்ளும் வகையில் விளக்குவதே நோக்கமாகும்.

முதலில் எழும் வினா, ஏன் பின்பகுதியை மட்டும் தாழ்த்துகின்றனர் என்பதாகும். இன்று நம் நாட்டில் ஓடும் சிறிய ஜப்பானியக் கார்களில் மிகப் பெரும்பாலானவை முன் சில்லுகளால் இழுக்கப்படுபவை. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்னால் இருப்பதால், ஆளில்லாத நிலையில் காரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதமோ அதற்குச் சற்று அதிகமோ முன் அச்சின் மீதே தங்கியிருக்கும். பின்பகுதி இலேசாக இருப்பதால் சற்று உயர்ந்து நிற்கும். கராஜுக்கு வரும் இளைஞர், “நானா, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது, பார்க்க வடிவில்லை. ரெண்டு அங்குலம் இறக்கித் தாங்க” என்று கேட்பதும், அனுபவமுள்ள மெக்கானிக், “தம்பி, அப்பா அம்மாவ ஏத்திக்கொண்டு போற நேரம் அது தானா இறங்கும்தானே, இப்பவே இறக்கினா அப்ப எங்க இறங்கும்?” என்று திருப்பிக் கேட்பதும் இத்தொழிலில் பழகியவர்களுக்குப் புதிதல்ல. அந்த நானாவின் ஒரு வாக்கியத்திலேயே இவ்விடயத்தின் சாரம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

வெறுங்காரின் பின்பகுதி உயர்ந்து நிற்பது உற்பத்தியாளரின் கவனக்குறைவன்று. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, பின்பெட்டியில் பொதிகளும் ஏற்றப்பட்டால், அந்தப் பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சின் மீதே விழும். முன் அச்சின் பாரம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே, காலியாக இருக்கும்போது பின்பகுதியில் ஓர் இருப்பு உயரம் வைக்கப்படுகின்றது. வங்கியில் வைப்புச் செய்த பணத்தைப் போன்றது அது. தேவை வரும்போது எடுப்பதற்காகவே அங்கு இருக்கின்றது.

இதனை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பின் சில்லு ஒவ்வொன்றின் மீதும் உள்ள ஸ்பிரிங், சில்லில் அளக்கும்போது, ஒரு மில்லிமீற்றர் அமிழ்வதற்கு ஏறக்குறைய 2 கிலோகிராம் பாரம் தேவைப்படும் அளவு விறைப்புடையது எனக் கொள்வோம். கார் காலியாக நிற்கும்போது, அச்சுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இறப்பர்த் தாங்கி முட்டுவதற்கு முன்னர் 80 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பின் அச்சின் மீது 200 கிலோகிராம் மேலதிகப் பாரம் ஏறினால், ஒரு பக்கத்துக்கு 100 கிலோகிராம் வீதம், கார் 50 மில்லிமீற்றர் அமிழும். மிச்சமிருப்பது 30 மில்லிமீற்றர். பாதையின் குழிகளையும் மேடுகளையும் விழுங்குவதற்கு அந்த 30 மில்லிமீற்றரே உண்டு.

இப்போது 30 மில்லிமீற்றர் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பொருத்துவோம். விறைப்பு மாறாதிருப்பின் மிச்சம் பூச்சியமாகிவிடும். நல்ல உற்பத்தியாளர்கள் இதனை அறிந்தே தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைக் கூடுதல் விறைப்புடன் செய்கின்றனர். 25 சதவீதம் விறைப்புக் கூடியதெனக் கொண்டால், அதே பாரத்துக்குக் கார் 40 மில்லிமீற்றரே அமிழும். 80 இலிருந்து தாழ்த்திய 30 ஐயும் அமிழ்ந்த 40 ஐயும் கழிக்க, எஞ்சுவது 10 மில்லிமீற்றர். 30 ஆக இருந்தது 10 ஆகிவிட்டது. குடும்பத்துடன் செல்லும் கார், ஒவ்வொரு குழியிலும் இறப்பர்த் தாங்கியில் மோதும். அந்த மோதலைத் தாங்குவது காரின் உடற்சட்டமும், பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புமேயாகும். கர்ப்பிணியையோ, சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியையோ அவ்வாறான காரில் மலைப்பாதையில் ஏற்றிச்செல்ல நேர்ந்தால், இந்த 20 மில்லிமீற்றரின் பெறுமதி விளங்கும்.

தாழ்த்தினால் வளைவுகளில் கார் நன்றாகப் பிடித்து ஓடும் என்பது இதனை விரும்புவோர் முன்வைக்கும் வாதமாகும். அதில் உண்மை இல்லாமலில்லை. காரின் ஈர்ப்பு மையம் தாழும்போது, வளைவில் உட்புறச் சில்லிலிருந்து வெளிப்புறச் சில்லுக்கு மாறும் பாரம் குறையும். நுவரெலியாவில் 1930களில் தொடங்கி நடத்தப்பட்டு வரும் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியில் கலந்துகொள்ளும் கார்கள் தரையோடு தரையாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். ஒரு சாதாரணக் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 550 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும். நான்கு சில்லுகளிலும் 30 மில்லிமீற்றர் தாழ்த்தினால், பாரமாற்றம் 5 சதவீதமளவில் குறையும். பின்பகுதியை மட்டும் தாழ்த்தினால், ஈர்ப்பு மையம் முன்னச்சுக்கு அண்மையில் இருப்பதால் அது ஏறக்குறைய 11 மில்லிமீற்றர்தான் இறங்கும். நன்மை 2 சதவீதம் மட்டுமே. போட்டிக் காரில் இருப்பவர் ஒருவர் அல்லது இருவர். பாதையும் அன்றைய தினம் மூடப்பட்டிருக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

அந்த 2 சதவீத நன்மைக்கு எதிராக ஒரு பெரிய தீமை நிற்கின்றது. பின் ஸ்பிரிங் மட்டும் விறைப்பாகும்போது, வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் பொறுப்பில் அதிகப் பங்கு பின் அச்சுக்குச் செல்கின்றது. பின் அச்சில் வெளிப்புற டயர் மிகையாக அழுத்தப்பட்டு உட்புற டயர் இலேசாகும். இரு டயர்களினதும் மொத்தப் பிடிமானம் இதனால் குறைந்து, முன்பகுதி திரும்பினாலும் பின்பகுதி வெளியே வழுக்கிச் செல்லும் போக்கு ஏற்படும். உற்பத்தியாளர்கள் சாதாரணக் கார்களை இதற்கு நேர்மாறாகவே, அதாவது பிடிமானம் இழக்கும் வேளையில் முதலில் முன்பகுதி வழுக்கும் வகையிலேயே அமைக்கின்றனர். முன்பகுதி வழுக்கினால், வேகத்தைக் குறைத்துச் சாதாரண சாரதியும் சமாளித்துவிடுவார். பின்பகுதி வழுக்கினால் அதனைச் சமாளிக்கப் பயிற்சி வேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்து, பனிமூட்டம் இறங்கி, இலைகளும் மண்ணும் படிந்திருக்கும் கொண்டை ஊசி வளைவொன்றில், இறக்கத்தில் பிறேக் அழுத்தும்போது பாரம் முழுவதும் முன்னோக்கிப் பாய்ந்து பின் சில்லுகள் ஏற்கெனவே இலேசாகிவிடும். அந்த வேளையில் பின் அச்சின் பிடிமானத்தை நாமாகவே குறைத்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதை, ஒரு புறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமும் கொண்ட இப்பாதையில் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய வேன்களிலும் பிக்கப் வண்டிகளிலும் இதனிலும் மோசமான ஓர் அபாயம் மறைந்துள்ளது. அவற்றுள் பலவற்றில், பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே ஒரு நெம்புகோலினால் இணைக்கப்பட்ட பிறேக் வால்வு ஒன்று உண்டு. வாகனத்தில் பாரம் ஏறிப் பின்பகுதி தாழும்போது அந்த வால்வு திறந்து, பின் பிறேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். காலியாக இருக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும். வால்வுக்குக் கண்ணில்லை. பின்பகுதி தாழ்ந்திருப்பதை மட்டுமே அது அறியும். ஸ்பிரிங்கை மாற்றியோ, இலைவில்லுக்கும் அச்சுக்கும் இடையில் கட்டை வைத்தோ வேனைத் தாழ்த்தினால், காலி வேனையும் பாரம் ஏற்றிய வேன் என்றே அந்த வால்வு எண்ணும். திடீரென பிறேக் அழுத்தும்போது பின் சில்லுகள் முதலில் பூட்டிக்கொள்ள, வேன் பம்பரம்போல் சுழன்றுவிடும். வாடகை வேன்களைத் தாழ்த்தும் கராஜ்களில், நெம்புகோலை மீள அளந்து சரிசெய்ய வேண்டும் என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பது சிந்திக்கத்தக்கது.

வெளிச்சம் தொடர்பான விடயம் அடுத்தது. இதனைத் தாழ்த்தியவர் உணர்வதில்லை. எதிரே வருபவரே உணர்வார். காரின் தாழ்ந்த ஒளிக்கற்றை, ஒரு மீற்றர் தூரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு பொதுவாக அமைக்கப்படுகின்றது. விளக்கு 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், ஒளியின் மேல்விளிம்பு 65 மீற்றருக்கு அப்பால் நிலத்தைத் தொடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீற்றர் தூரமுள்ள ஒரு காரின் பின்பகுதியை 30 மில்லிமீற்றர் தாழ்த்தினால், கார் முழுவதும் மீற்றருக்கு 1.2 சென்ரிமீற்றர் வீதம் மேல்நோக்கிச் சாயும். கீழே பார்த்த ஒளிக்கற்றை இப்போது சற்று மேலேயே பார்க்கும். பின்னால் இருவர் ஏறினால் இன்னும் மேலே போகும். எதிரே வரும் முச்சக்கர வண்டிச் சாரதியின் கண்களில் அது நேராகப் பாயும். நடைபாதையே இல்லாத தோட்டப் பாதைகளில், மாலைநேர வகுப்பு முடிந்து நடந்து வரும் பிள்ளைகளும், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் முதியவர்களும், கோயில் பூசை முடிந்து வரும் பெண்களும் அந்த வெளிச்சத்தின் பின்னால் எதிர்ச் சாரதிக்குத் தெரியாமலே போய்விடுவர். ஸ்பிரிங் மாற்றாத இவர்களே அதற்கான விலையைக் கொடுக்க நேரிடுகின்றது. என் பார்வையில், இவ்விடயத்தில் மிகப் பெரிய அநீதி இதுவே.

பல கார்களில் விளக்கின் சாய்வைக் குறைக்கும் ஒரு சிறு திருகி, சாரதியின் வலக்கைப் பக்கத்தில் உண்டு. தாழ்த்திய பின்னர் அதனைத் திருப்பி வைத்துவிட்டால் போதும் என்பர் சிலர். பின்னிருக்கையிலும் பெட்டியிலும் பாரம் ஏறும்போது பயன்படுத்துவதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. காலியாக இருக்கும்போதே அதனைத் தீர்த்துவிட்டால், பாரம் ஏறியதும் திருப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. விளக்கின் பின்னாலுள்ள திருகாணியைத் திருப்பி மூலச் சாய்வை மீள அமைப்பதே முறையாகும்.

முறையான வேலையும் முறையற்ற வேலையும்

இத்தனைக்குப் பின்னரும் ஒருவர் தாழ்த்தியே தீருவேன் என்றால், அது எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதையாவது அறிந்திருக்க வேண்டும். பழுதடைந்த ஸ்பிரிங்கை மாற்றுபவருக்கும் இது பயன்படும்.

பின்பகுதியை ஜெக்கினால் உயர்த்தும்போது ஹாண்ட் பிறேக்கை நம்பக்கூடாது. பெரும்பாலான கார்களில் அது பின் சில்லுகளையே பிடிக்கும். அவையோ அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். முன் சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டை வைத்து, காரை உறுதியான தாங்கிகளின் மீது இறக்கிய பின்னரே கீழே கை வைக்க வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுத்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உள்ளனர். சாய்வான முற்றங்களே அதிகமுள்ள மலையகத்தில் இந்த எச்சரிக்கை இருமடங்கு அவசியமானது.

ஸ்பிரிங் அமைந்திருக்கும் விதம் காருக்குக் கார் வேறுபடும். சிலவற்றில் ஸ்பிரிங் தனியாகவும், கராஜ்களில் ‘சொக் எப்சோபர்’ எனப்படும் அதிர்வுதாங்கி தனியாகவும் இருக்கும். இவ்வகையில், அச்சை வேறொரு ஜெக்கினால் தாங்கிக்கொண்டு, அதிர்வுதாங்கியின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, அச்சை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். இறக்கும்போது பிறேக் எண்ணெய்க் குழாயும், சில்லின் வேகத்தை அறியும் மின்கம்பியும் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு சில கார்களில் ஸ்பிரிங் அதிர்வுதாங்கியைச் சுற்றியே அமைந்திருக்கும். அதனைப் பிரிப்பதற்கு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி கட்டாயம் வேண்டும். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கில் தேங்கியிருக்கும் சக்தி, அது நழுவினால் முகத்தைச் சிதைக்கப் போதுமானது.

புதிய ஸ்பிரிங்கை வைக்கும்போது, மேலும் கீழுமுள்ள இறப்பர் இருக்கைகள் சரியாக அமர்ந்துள்ளனவா என்றும், சுருளின் நுனி அதற்கென உள்ள தடுப்பில் பொருந்தியுள்ளதா என்றும் பார்த்தல் அவசியம். பின்னர் வரும் படியையே பலர் தவறவிடுகின்றனர். அச்சின் நெம்புத்தண்டுகளை உடலுடன் இணைக்கும் இறப்பர் புஷ்கள், உட்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும். சில்லுகள் அந்தரத்தில் தொங்கும் நிலையில் அவற்றின் போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் நிலத்தில் இறங்கியதும் அந்த இறப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். சில மாதங்களில் அது கிழிந்துவிடும். ஆகவே, கார் தன் எடையில் நின்ற பின்னரே அந்தப் போல்ட்டுகளை இறுதியாக இறுக்க வேண்டும். அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குத்தண்டு உள்ள கார்களில், பின்பகுதி தாழும்போது அச்சு ஒரு பக்கமாகச் சில மில்லிமீற்றர் நகர்ந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்க டயர் மட்டும் உட்புற விளிம்பில் உரசுவதற்கு இதுவே காரணம்.

மூல அதிர்வுதாங்கியை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்த அதிர்வுதாங்கி பழைய விறைப்புக்காகவே செய்யப்பட்டது. விறைப்பான ஸ்பிரிங்கின் எழுச்சியை அதனால் அடக்க முடியாமல், கார் ஒரு மேட்டைக் கடந்த பின்னரும் குதித்துக்கொண்டிருக்கும். தண்டு எப்போதும் தாழ்ந்த பகுதியிலேயே ஓடி அடிக்கடி அடிமட்டத்தைத் தட்டுவதால், அது விரைவில் எண்ணெய் கசிந்து செயலிழக்கும். சிக்கனம் இரட்டைச் செலவாகும்.

இவையெல்லாம் முறையான வேலையில் வரும் சிக்கல்கள். முறையற்ற வேலை வேறு ஓர் உலகம். தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கப் பணமில்லாதவருக்கு, இருக்கும் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஸ்பிரிங்கின் விறைப்பு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறானது. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். இது கணக்கு. ஆனால் வாயுச் சுவாலையால் வெட்டும்போது வெட்டிய நுனியின் அருகேயுள்ள உருக்கு, தொழிற்சாலையில் பெற்ற பதத்தை இழந்துவிடும். வெட்டப்பட்ட நுனி இருக்கையில் சரியாக அமராது. சில்லு பெரிய குழியொன்றில் இறங்கி ஸ்பிரிங் முழுமையாக நீளும் வேளையில், குட்டையான அந்த ஸ்பிரிங் இருக்கையிலிருந்து விலகிவிடவும் கூடும். வெட்டாமல், காரில் இருந்தவாறே ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமிழ வைக்கும் இன்னொரு முறை இதனிலும் கேடானது. அவ்வாறு சூடாக்கப்பட்ட ஸ்பிரிங்கை ஸ்பிரிங் என அழைப்பதே தவறு. அது வளைந்த கம்பி மட்டுமே.

சட்டம் என்ன சொல்கின்றது

இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களுமே வாகனங்களை ஆள்கின்றன. தனியார் காரொன்று ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆனால் புகைப் பரிசோதனை நிலையத்தில் எவரும் காரின் அடியைப் பார்ப்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் நிறமும் இருக்கும். ஸ்பிரிங்கின் உயரம் இராது. இந்த இடைவெளியிலேயே வெட்டிய ஸ்பிரிங்குகள் பல ஆண்டுகள் ஓடுகின்றன. 2025 ஜனவரியில், ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்துடன் இணைந்து, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் அகற்றத் தொடங்கியமை பெரும் வாதப் பிரதிவாதங்களை ஏற்படுத்தியது. கண்ணுக்குத் தெரியும் அலங்கார விளக்குகள் அகற்றப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்கை அறிவதற்கு, காரை உயர்த்திப் பார்க்கும் முறையான பரிசோதனை நிலையங்கள் வேண்டும்.

நம் கார்கள் பிறந்த ஜப்பானில் அத்தகைய முறை உண்டு. அங்கு புதிய தனியார் கார் மூன்று ஆண்டுகளிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படும். தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் இடையே 9 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது தேறாது. அயல்நாடான இந்தியாவில், உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்பிலிருந்து விலகுமாறு வாகனங்களை மாற்றியமைக்க முடியாது என 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றங்களுக்கும் மேலான உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றிலேயே அத்தீர்ப்பு வழங்கப்பட்டது. இலங்கையில் விபத்தொன்று நிகழ்ந்து, காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் காரின் அடியைப் பார்க்கும்போதே பலருக்கு இவ்விடயம் நினைவுக்கு வருகின்றது. நிறுவனத்துக்கு அறிவிக்காது செய்த மாற்றம், இழப்பீட்டைக் கேள்விக்குள்ளாக்கலாம்.

இரத்தோட்டை போன்ற பிரதேசங்களின் உண்மையான பிரச்சினை, தாழ்த்தும் ஸ்பிரிங்கைவிடத் தாமாகவே தாழ்ந்துவிட்ட ஸ்பிரிங்குகளாகும் என்றே கருத வேண்டியுள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், இருக்கும் கார்களே மேலும் மேலும் ஓடின. மலைப்பாதையின் குழிகளிலும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியின் மழையும் மண்சரிவும் மலையகப் பாதைகளைச் சிதைத்த பின்னர் அவசரமாகச் சீர்செய்யப்பட்ட பாதைகளிலும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. துருவும் சோர்வும் சேர்ந்து பின் ஸ்பிரிங்குகள் அமிழ்ந்தும், கீழ்ச் சுற்று உடைந்தும் போயிருக்கும். அவற்றின் விளைவுகள் மேலே கூறியவையே: மேல்நோக்கிய விளக்கு, அடிமட்டத்தில் மோதும் அச்சு, நம்பமுடியாத பிறேக்.

இதனைக் கண்டறிய கராஜ் தேவையில்லை. காரைச் சமநிலத்தில் நிறுத்தி, பின் சில்லின் மையத்திலிருந்து மேலுள்ள உடல் வளைவு வரை அளவு நாடாவால் இருபக்கமும் அளக்கலாம். இரண்டுக்கும் இடையே ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்க ஸ்பிரிங் உடைந்தோ சோர்ந்தோ இருக்கலாம். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்கள் வாங்குவோர், காரின் பெயரை மட்டும் கூறி வாங்கக்கூடாது. ஒரே பெயருள்ள காரின் பெற்றோல் வகைக்கும், பின்புறத்தில் மின்கலம் சுமக்கும் ஹைபிரிட் வகைக்கும் பின் ஸ்பிரிங் வேறுபடலாம். சுருளின் மீதுள்ள நிறக்கோடுகளும் உதிரிப்பாக இலக்கமும் அதற்காகவே உள்ளன. பெற்றோல் காரின் ஸ்பிரிங்கை ஹைபிரிட் காருக்குப் போட்டால், எவரும் கேட்காமலே அது தாழ்த்தப்பட்ட காராகிவிடும்.

மாசிமகத்தையொட்டி மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத் தேர்த் திருவிழாவுக்கோ, பெருநாள் தினத்தில் உறவினர் வீட்டுக்கோ ஐவர் செல்ல வேண்டிய காரில் எழுவர் நெருக்கியடித்துச் செல்வது நம்மவர் வழக்கம். அதனைத் தவிர்க்குமாறு கூறினும் கேட்போர் குறைவு. ஆகவே அத்தகைய பயணத்துக்கு முன்னராவது ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். சமநிலத்தில், ஒரு சுவருக்கு 5 மீற்றர் முன்னால் காரை நிறுத்தி, டயரின் காற்றையும் சரிபார்த்து, தரையிலிருந்து முன்விளக்கின் மையம் வரையுள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட வேண்டும். சாரதி இருக்கையில் ஒருவர் அமர, தாழ்ந்த ஒளியைப் போட்டால், ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். பின்பகுதி 30 மில்லிமீற்றர் தாழ்ந்த காரில் அது கோட்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே நிற்கும். அவ்வாறு நின்றால், பின்னிருக்கையில் எவரும் ஏறுவதற்கு முன்னர் விளக்கையும் ஸ்பிரிங்கையும் பார்ப்பதற்குக் காரைக் கராஜுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை இரவில் இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பயணத்தை மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கலாம்.